பலகை மேல இருந்த வெள்ளைக் கேன்

எங்க வீட்டுக்காரரு இக்னேசியஸ் கிழமையில ஆறு நாளும் தேயிலை பேக்டரி மெஷினோட மல்லுக்கட்டுவாரு. ஏழாவது நாள் ஆண்டவரே ஓய்வெடுத்தாருன்னு வேதத்துல இருக்கு. இவருக்கு மட்டும் அது பொருந்தாது. ஞாயித்துக்கெழமை டிக்கோயாவுல பூசை கண்டுட்டு வந்த கையோட பைக்கைக் கழட்ட ஒக்காந்துருவாரு. அந்தப் பைக்குக்குப் பதினேழு வயசு. எனக்குச் செய்ய வேண்டிய சேவகத்தையெல்லாம் அதுக்குத்தான் செய்றாரு. சொன்னா கோவம் வரும்.

அன்னைக்கு விடாத மழை. வெளியில வச்சுச் செய்ய வழியில்லாம, பைக்கைத் தள்ளி இஸ்தோப்புக்குள்ள ஏத்திட்டாரு. எங்க காம்பராவுக்கு முன்னால கூரை எறக்கின சின்ன எடம், ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளுக்கு எடமில்ல. எஞ்சின் ஒரு வாரமா டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. வால்வு இடைவெளி கூடிப்போச்சு, டெப்பட் வைக்கணும்னாரு. அது எஞ்சினோட மண்டையில இருக்காம். மேல இருக்குற பெட்ரோல் டேங்கைத் தூக்காம கை போகாதாம்.

"டேங்க்ல பெட்ரோல் இருக்கே?"ன்னு கேட்டேன்.

"இருந்தா இருக்கட்டும். அடியில இருக்குற பெட்ரோல் டெப்பைத் திருகி மூடிட்டு அப்படியே தூக்கி ஓரமா வச்சுருவேன். ஒரு சொட்டு வராது."

வராதாம்! சீட்டைக் கழட்டினாரு, பேட்டரி வயரைப் புடுங்கினாரு, டேங்குக்குப் பின்னால இருந்த போல்ட்டைக் கழட்டினாரு. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சாரு, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பெட்ரோல் குழாயை உருவினாரோ இல்லியோ, மூடின டெப்புல இருந்து ஒழுக ஆரம்பிச்சுருச்சு. எஞ்சின் மேல சொட்டு, சிமெந்துத் தரையில சொட்டு. பத்து எட்டு வச்சா குசினி. அங்க அடுப்பு எரியுது, சோறு கொதிக்குது.

"ஐயோ, அடுப்பு எரியுதுங்க!"

"அப்ப அணைச்சுத் தொலை! வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? அப்படியே ஒரு காலிக் கேன் கொண்டா!"

ஒரு குடம் தண்ணியை அப்படியே அடுப்புல கவுத்தேன். சோறு அரை வேக்காட்டுல நின்னுபோச்சு. காலிக் கேன்னு கைக்கு ஆப்பட்டது மண்ணெண்ணெய் வாங்குற அஞ்சு லிட்டர் வெள்ளைக் கேன்தான். எண்ணெய் தீந்து ரெண்டு நாளா சும்மா கெடந்துச்சு. அதைக் குடுத்தேன். டேங்க்ல இருந்ததை முழுசா அதுக்குள்ள எறக்கி மூடியை இறுக்கினாரு. மூணு லிட்டர் இருக்கும்.

"இதை வீட்டுக்குள்ள வைக்காதே. பின்னால மேட்டுல, அந்தச் சவுக்கு மரத்தடியில கொண்டு போய் வை. யாரும் பாக்காம வை"ன்னாரு.

யாரும் பாக்காமன்னு ஏன் சொன்னாருன்னா, எங்க லயத்துல வரிசையா பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பத்துக்கும் ஒரே தகரக் கூரை. நடுவுல செவரு இருக்கு, ஆனா அது கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுல கருவாடு பொரிச்சா பத்து வீட்டுக்கும் மணக்கும். போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல ஒரு லயத்துல தீப் புடிச்சு, கால் மணி நேரத்துல பன்னெண்டு குடும்பமும் கட்டுன துணியோட ரோட்டுல நின்னுச்சு. அதுல இருந்து லயத்துக்குள்ள பெட்ரோல் வைக்கக் கூடாதுன்னு எங்க தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கு ஐயா வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போயிருந்தாரு. தெரிஞ்சா பெரிய வம்பு.

கேனைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் போனேன். மேட்டுக்குப் போற வழியெல்லாம் சேறு. மழை மூஞ்சியில அடிக்குது. சோறு போச்சேங்குற கோவம் ஒரு பக்கம். இவரு சொன்னா நான் மலை ஏறணுமான்னு ஒரு எரிச்சல். பின் கூரைக்கு அடியில ஒரு பலகை இருக்கு. எங்களுக்கும் பக்கத்துக் காம்பரா லோஜினிக்கும் பொதுவான பலகை. இடது பக்கம் எங்க மண்ணெண்ணெய்க் கேன், வலது பக்கம் அவங்களோடது. ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பெட்ரோலை அந்தப் பலகையில, எப்பவும் எங்க கேன் இருக்குற எடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன். கைப் பழக்கம். சோம்பல். வேற என்னத்தச் சொல்ல? என்னையச் செருப்பால அடிக்கணும்.

இஸ்தோப்புல இருந்துக்கிட்டு அவருக்கு டார்ச் அடிச்சுக் காட்டினேன். கம்பி கனத்துக்கு இருந்த இடைவெளியை ஒரு தாள் கனத்துக்குக் கொண்டு வரணுமாம். திருகுவாரு, பாப்பாரு, மறுபடி திருகுவாரு. மூணரை மணியைத் தாண்டித்தான் மூடியைப் போட்டு டேங்கை ஏத்தினாரு. டெப்புக்குள்ள இருந்த பழைய ரப்பரை எடுத்துட்டுப் புதுசு போட்டாரு.

"முடிஞ்சுச்சு. பெட்ரோலை எடுத்துட்டு வா, ஊத்திருவோம்."

பின்னால போனேன். பலகையில ஒரே ஒரு கேன் இருந்துச்சு. வலது பக்கத்துக் கேன். எடது பக்கம் வெறும் பலகை, கேன் இருந்த எடத்துல மட்டும் ஈரமில்லாம வட்டமா ஒரு அடையாளம்.

மாதாவே!

எங்க லயத்துல ஒரு வழக்கம் இருக்கு. மழைக் காலத்துல வெறகு எல்லாம் ஊறிப்போய் கெடக்கும். ஒரு சிரட்டை மண்ணெண்ணெய் ஊத்தாம எந்த அடுப்பும் பத்தாது. வீட்டுல எண்ணெய் தீந்துபோச்சுன்னா, யாரு பலகையில இருந்தாலும் எடுத்து ஊத்திக்கிட்டு அப்புறமா சொல்லிக்கலாம். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு லயத்துல பத்து அடுப்பும் தேத்தண்ணிக்குப் பத்தும். அப்ப மணி மூணே முக்கால்.

ஓடிப் போய் அவருகிட்டச் சொன்னேன். மரத்தடின்னு சொன்னேனே, ஏன் பலகையில வச்சேன்னு அவரு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. "நீ மேல போ, நான் கீழ போறேன்"னு மட்டும் சொல்லிட்டு ஓடினாரு. எங்களுது நாலாவது காம்பரா. அவரு மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு போனாரு. நான் மத்தப் பக்கம்.

லோஜினி வீட்டுக் கதவு பூட்டியிருந்துச்சு. ஆறாவது காம்பராவுல முத்துலிங்கம் அண்ணன், பென்சன் எடுத்தவரு, ரேடியோவை நோண்டிக்கிட்டிருந்தாரு.

"அண்ணே, எங்க எண்ணெய்க் கேனை எடுத்தீங்களா?"

இங்கதான் நான் பண்ணுன அடுத்த தப்பு. நடு லயத்துல நின்னுக்கிட்டு, "பெட்ரோல், யாரும் அடுப்புப் பத்த வைக்காதீங்க"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். போடல. கண்டாக்குக் காதுக்குப் போயிருமே, நாளைக்குக் கொழுந்து எடுக்குற மலையில எல்லாப் பொம்பளைங்களும் என்னையப் பாத்துச் சிரிப்பாங்களேன்னு பயம். உசுரு போற நேரத்துலயும் மானம்தான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுச்சு.

"ஏம்மா ஜோசப்பினு, ஒரு சொட்டு எண்ணெய்க்கா இந்த மழையில ஓடுற? ஒன் கேனுக்கு ஒரு பூட்டுப் போட்டுருவோமா?"ன்னு சிரிச்சாரு முத்துலிங்கம் அண்ணன். அவருக்கு வெளையாட்டு. அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

ஏழாவது காம்பரா தனுஜா. உள்ள போனா அவ அடுப்புக்கு முன்னால குந்தியிருக்கா. கையில வெள்ளைக் கேன். வெறகு மேல ஊத்திக்கிட்டிருக்கா.

"அடியே!"ன்னு கத்திக்கிட்டே போய்க் கேனைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய்ச் செவத்துல மோதுச்சு. குசினி முழுக்க வாடை. மண்ணெண்ணெய் வாடை. வெறும் மண்ணெண்ணெய்!

"ஒங்களுக்கு என்னக்கா புத்தி கெட்டுப்போச்சா? நேத்துத்தான் வாங்கினேன்!"ன்னு தனுஜா எந்திரிச்சு நின்னு கத்துறா. "வாங்கித் தர்றேன், வாங்கித் தர்றேன்"னு சொல்லிக்கிட்டே வெளியில வந்தேன். எட்டாவது வீட்டுல அடுப்பு ஏற்கனவே நல்லா எரியுது, ஒண்ணும் நடக்கல, அப்ப அங்க இல்ல. ஒன்பதாவதுல ஆளே இல்ல, ராகலைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க.

பத்தாவது காம்பராவுக்கு முன்னால போய் நின்னேன். நின்னுட்டுத் திரும்பிட்டேன்.

அது மீனம்மாக்கா வீடு. அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லாமப் போய் நாலு வருசமாச்சு. நாட்டுல எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில நின்ன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, அப்ப வந்த சண்டை. அவ புருசன் வீரய்யாவுக்கு மூச்சு இழுப்பு. ஒரு நாள் சாயங்காலம் வந்து ஒரு சிரட்டை மண்ணெண்ணெய் கேட்டா. இல்லக்கா, கேன்ல இருக்குறது காய்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற களை மருந்துன்னு சொன்னேன். போயிட்டா. மூணு நாள் கழிச்சு அவரு ஆஸ்பத்திரியில செத்துப் போனாரு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா கொன்னேன்? ஆனா அவ அன்னையில இருந்து என் மூஞ்சியில முழிக்க மாட்டா. பீலியில தண்ணி புடிக்க நான் போனா, பாதிக் கொடத்தோட எடத்தைக் காலி பண்ணிருவா. நானும் ரோசக்காரிதான், நானாப் போய்ப் பேசல.

அப்படிப்பட்டவ என் பலகையில கை வைப்பாளா? செத்தாலும் வைக்க மாட்டா. அப்படியே எடுத்தாலும் அவ மூக்கு லேசுப்பட்ட மூக்கில்ல. அடுத்த வீட்டுல பால் திரிஞ்சா இங்க இருந்தே சொல்லுவா. மூடியைத் திறந்தாலே பெட்ரோல்னு கண்டுபுடிச்சிருவா. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுத் திரும்பி நடந்தேன்.

அப்பத்தான் லோஜினி பீலியில இருந்து கொடத்தோட வந்தா. கல்யாணம் கட்டி ரெண்டு வருசமான புள்ள, யாருக்கும் இல்லைன்னு சொல்லத் தெரியாது.

"லோஜினி, எங்க கேனை நீ எடுத்தியா?"

"இல்லீங்கக்கா. மீனம்மாக்கா எண்ணெய் கேட்டாங்க. பலகையில எங்க கேன் இருக்கு, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுத் தண்ணிக்குப் போனேன்."

"ஒன் கேன் பலகையிலதான்டி இருக்கு! வலது பக்கம் அப்படியே இருக்கு!"

லோஜினி முழிச்சா. "அப்ப… உங்களோடதை மாத்தி எடுத்துட்டாங்களோ? வந்து தந்துருவாங்கக்கா. எண்ணெய் எண்ணெய்தானே."

"அது எண்ணெய் இல்லடி, பெட்ரோல்!" முதல் தடவையா வாயைத் தொறந்து சொன்னேன். "போகட்டும், மீனம்மாக்கா மோந்து பாத்தா தெரிஞ்சுரும் இல்ல?"

லோஜினி இடுப்புல இருந்த கொடம் நழுவிக் கீழ விழுந்துச்சு.

"அவங்களுக்கு மூக்கே வேலை செய்யாதேக்கா! போன வருசக் காய்ச்சலுக்கப்புறம் ஒரு வாசனையும் தெரியாதே. லயத்துல எல்லாருக்கும் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எனக்கு முன்னால யாரும் அவ பேரையே எடுக்க மாட்டாங்களே!

அஞ்சு காம்பராத் தூரத்தை எப்படி ஓடினேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகமில்ல. சேத்துல ஒரு தடவை விழுந்து எந்திரிச்சேன். கதவைத் தள்ளிக்கிட்டுக் குசினிக்குள்ள போனப்ப வாடை மூஞ்சியில வந்து அடிச்சுச்சு. தலை சுத்துற மாதிரி பெட்ரோல் வாடை. ஜன்னல் எல்லாம் மழைக்குச் சாத்தியிருக்கு. மீனம்மாக்கா மணைக்கட்டையில ஒக்காந்திருக்கா. அடுப்பு நெறைய வெறகு பளபளன்னு நனைஞ்சிருக்கு. பக்கத்துல என் வெள்ளைக் கேன், மூடி தொறந்தபடி. அவ கையில நெருப்புப் பெட்டி.

"அக்கா! கொளுத்தாதீங்க!"

நாலு வருசத்துல நான் அவகிட்டப் பேசுன முதல் வார்த்தை அதுதான். அவ தலையைத் திருப்பி என்னைய மேலயும் கீழயும் பாத்தா. சேறும் மழையுமா நிக்கிறேன்.

"லோஜினி குடுத்த எண்ணெய். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"இல்லக்கா, அது எங்க கேன். மாத்தி எடுத்துட்டீங்க. உள்ள இருக்குறது பெட்ரோல்!"

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"ஓ! அன்னைக்கு மருந்து. இன்னைக்குப் பெட்ரோல். ஒன் கேனுக்குள்ள எண்ணெய் மட்டும் எப்பவும் இருக்காதே."

"நெசமாத்தான்க்கா! பைக்கு டேங்கைக் கழட்டினாரு, அதுல இருந்து எடுத்தது! மாதா சத்தியமா!"

"அன்னைக்கும் மாதா மேலதான் சத்தியம் பண்ணினே. அவரு பதினாறாம் நாள் காரியத்துல, நாலு பேருக்கு முன்னால கேட்டேன். மாதா படத்தைத் தொட்டுச் சொன்னே."

ஒரு குச்சியை எடுத்தா. பெட்டி ஓரத்துல வச்சா. புடுங்கிரலாம்னு ஒரு எட்டு எடுத்து வச்சேன். நான் நகர நகர அவ கை இறுகுது. கிட்டப் போனா உரசிருவான்னு தெரிஞ்சுச்சு. செவத்துக்கு மேல இருக்குற சந்து வழியா எட்டாவது வீட்டுப் புள்ளைங்க விளையாடுற சத்தம் கேக்குது. தனுஜா இன்னும் என்னைய ஏசிக்கிட்டிருக்கா. பத்து வீட்டுச் சத்தமும் அந்தக் கூரைக்கடியில கேக்குது.

என்ன சொன்னா நம்புவா? எதைச் சொன்னாலும் நம்ப மாட்டா. நான் பண்ணி வச்ச வேலை அப்படி. அந்த எடத்துலயே முட்டி போட்டு ஒக்காந்துட்டேன்.

"அன்னைக்கு இருந்துச்சுக்கா."

அவ கை நின்னுச்சு.

"அன்னைக்கு எங்கிட்ட எண்ணெய் இருந்துச்சு. மருந்துன்னு பொய் சொன்னேன். ரெண்டு நாள் ஹட்டன்ல வரிசையில நின்னு வாங்கினேன், குடுத்தா தீந்துருமேன்னு பொய் சொன்னேன். மாதா மேலயும் பொய்ச் சத்தியம்தான் பண்ணினேன். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அந்தக் குச்சியை மட்டும் உரசாதீங்கக்கா."

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

"எவ்வளவு இருந்துச்சு?"

"என்னக்கா?"

"கேன்ல. அன்னைக்கு. எவ்வளவு?"

"முக்கால் கேன்."

குச்சியைப் பெட்டிக்குள்ள திரும்ப வச்சா. பெட்டியை மூடி என் கையில குடுத்தா. நான் பாஞ்சு போய்க் கேன் மூடியை இறுக்கினேன். ஜன்னலைத் தொறந்தேன். ஈர வெறகை அள்ளி அள்ளி வெளியில மழையில எறிஞ்சேன். எறியிறப்ப நான் அழுதுக்கிட்டிருந்தேன்னு நெனைக்கிறேன். அவ மணைக்கட்டையை விட்டு எந்திரிக்கவே இல்ல.

"அவரு அன்னைக்குச் சோறு கேக்கல"ன்னா மெதுவா. எங்கிட்டச் சொன்ன மாதிரியும் இல்ல. "நெஞ்சு அடைக்குது, ஒரு கோப்பை சுடுதண்ணி குடுன்னு கேட்டாரு. அடுப்புப் பத்தல. கோப்பையில பச்சத் தண்ணியை ஊத்தி, என் சட்டைக்குள்ள நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டேன். ராத்திரிப் பூரா. விடியக்காலம் லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு. அதைத்தான் குடுத்தேன். சூடா இருக்கு புள்ளன்னு சொல்லிக் குடிச்சாரு."

வெளியில இக்னேசியஸ் ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. "ஜோசப்பினு! கெடைச்சுச்சா? கேன் கெடைச்சுச்சா?"ன்னு லயமே அதிரக் கத்துறாரு.

மீனம்மாக்காதான் பதில் சொன்னா.

"இங்கதான் இருக்கு தம்பி. வந்து எடுத்துட்டுப் போங்க."